தம்பி மகளின் டிராகன்கள்

மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பங்குனி மாதத்துச் சாயங்காலம். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அதன் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டினது போல ஒரு தீக்கோடு. கோடைக்குக் கோடை எங்கள் மலையில் காய்ந்த புல் அப்படிப் பற்றிக்கொள்ளும். ராஜபாளையத்தில் இருக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. "எந்தப் பாவி பீடியைப் போட்டானோ" என்று சொல்லிவிட்டு நான் துணியை மடித்தேன். அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த தம்பி மகள், கைப்பிடிச் சுவரில் நாடியை வைத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தீ இல்ல அத்தை. டிராகன் றெக்கையைக் காயப் போட்டிருக்கு" என்றாள்.

"டிராகன்னா என்னட்டி?"

"றெக்கை வச்ச பல்லி. பெரிசு. நம்ம ஊரு மில்லு அம்புட்டு."

"அம்புட்டுப் பெரிய பல்லி தலையில விழுந்தா என்ன பலன்னு எந்தப் பஞ்சாங்கத்துல பாக்க?"

"விழுந்த பொறவு பலன் பாக்க ஆளு ஏது?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கீழே ஓடினாள். நான் துணிகளோடு இறங்கி வந்தபோது, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் எழுதிய முதல் கதை. அந்தப் பஞ்சாங்கப் பேச்சும் அதில் இருந்தது. அதைச் சொன்னது மட்டும் நான் இல்லை, மலையடிவாரத்து ஜோசியர்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். கட்டிக்கொண்டவர் சீக்கிரம் போய்விட, பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது தம்பிக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பேண்டேஜ் துணியை வீட்டுக்கு வாங்கிவந்து அளவு பார்த்து மடித்துக் கொடுப்பது என் வேலை. வெள்ளைத் துணி, மெல்லிசாக, கொசுவலை மாதிரி இருக்கும். மடிக்க மடிக்கப் பஞ்சுத் தூசி பறந்து தலையில் உட்கார்ந்துகொள்ளும். தம்பி மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். "அத்தை ஊருல பனி பெய்யுது" என்பாள். பிறகு கதையை வாசிக்க ஆரம்பிப்பாள். எனக்குக் கை வேலையில் இருக்கும், காது அவளிடம் இருக்கும். அவளுக்கு வேண்டியதும் அதுதான். நேருக்கு நேர் பார்த்துக் கேட்கிறவர்களிடம் அவளுக்கும் வாசிக்க வராது. அந்த ஒரு குணம் மட்டும் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அவள் டிராகன்கள் வெளிநாட்டுப் படத்தில் வருகிற மாதிரி ராஜாவின் கோட்டையை எரிக்கிறவை அல்ல. எல்லாம் எங்கள் ஊர்க்காரர்களைப் போல இருக்கும். ஒரு டிராகன் ஆலங்குளத்துப் பக்கம் மானாவாரிக் காடு காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, பிளவக்கல் அணைக்குப் போய்த் தண்ணீரை வாய் நிறைய மொண்டு வரும். வருகிற வழியில் யாராவது "என்ன, சவுக்கியமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டிவிடும். சொல்லாமல் போனால் மரியாதை இல்லை. பாவம், ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிவிடும். அதனால்தான் ஆலங்குளத்துக்கு மழை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறதாம். இன்னொரு கதையில் ஒரு நாய். எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. டிராகன் மலையிலிருந்து இறங்கி வந்து உறுமும்போது ஊரே ஓடும். அந்த நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். தன்னைப் பார்த்து ஓடாத ஓர் உயிரை டிராகன் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அது உறுமுவதையே விட்டுவிடும். அதை வாசித்த அன்று எனக்கு மடிப்பு எண்ணிக்கை தப்பிப் போனது.

தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா அடுப்படியில் பால் கிண்டுகிறவன். விடிந்ததும் பஸ் ஏறிப் போவான். திரும்பி வரும்போது அவன் மேல் புகையும் சீனியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். கோபக்காரன். கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். ஆனால் பால் பொங்குகிற மாதிரிதான், தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். அவனை வைத்தும் ஒரு கதை எழுதினாள். நெருப்பு குறைந்துபோன ஒரு கிழட்டு டிராகன் பிழைக்க வழியில்லாமல் மலையை விட்டு இறங்கி வருகிறது. செங்கல் சூளையில் வேலை கேட்கிறது. உன் சூடு காணாது என்று விரட்டிவிடுகிறார்கள். கடைசியில் பால்கோவா அடுப்படிக்கு வருகிறது. பால் சுண்டுவதற்கு அதிகத் தீ ஆகாது. நின்று எரிய வேண்டும். டிராகன் இரும்புச் சட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுகிறது. அந்த ஊரில் அதற்கு முன்னால் அப்படி ஒரு பால்கோவாவை யாரும் சாப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்படி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அதை வாசித்தாள். தம்பி சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டான்.

"என்னைய ஏன்ட்டி கிழவனாக்கிட்ட?"

"அது நீங்க இல்லப்பா."

"மூக்குல புகை வருதுன்னு எழுதியிருக்க. நான்தானே அது?"

"புகை எல்லாருக்கும் வரும்" என்றாள் அவள் அம்மா. "இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் வெளிய தெரியும்."

தம்பி ரொம்ப நேரம் சிரித்தான். மறுநாள் அடுப்படியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் அந்தக் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அங்கே எல்லோரும் அவனை "ஏலே டிராகன், மூச்சை மெல்ல விடு, அடி பிடிக்கப் போகுது" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனுக்கு அதில் பெருமை.

கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்தபோது, கதைகளைப் புத்தகமாகப் போட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்தது. "எனக்குத் தெரியாத ஒரு பிள்ளை, எனக்குத் தெரியாத ஒரு வீட்டுல உக்காந்து இதை வாசிக்கணும் அத்தை" என்றாள். ஆளைப் பார்த்துப் பேசக் கூசுகிறவளுக்கு அதுதானே வழி. அவளுக்குத் துணையாக நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். முதலில் கோயிலுக்குப் போனோம். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வரும்போது, தூணில் இருந்த யாளிக்கு முன்னால் நின்றுகொண்டாள். "டிராகனுக்குப் பெரியப்பா மகன் அத்தை இது. இவுகளுக்குக் கோயில்ல வேலை கிடைச்சிருச்சு. அவுகளுக்குக் கிடைக்கலை" என்றாள். பிறகு கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கிற ஒரு அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"டிராகனா? சாமி கதையா பாப்பா?"

"இல்ல சார். சொந்தக் கதை."

"எந்த ஊரு டிராகன்?"

"ராஜபாளையம்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் நின்றபடியே ஒரு தாளை வாசித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்திரிகை வாங்க வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொன்னார். நாய்க் கதை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாள் தாளா வேண்டாம். ஒரே நோட்டுல அடிச்சுத் திருத்தாம எழுதிக் கொண்டா. போட்டுருவோம்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அப்போது வயது பதினெட்டு. அவ்வளவு சந்தோஷமாக ஒரு பிள்ளை தூங்கி நான் பார்த்ததில்லை.

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினாள். போனில் எழுதலாமே என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொன்னார்களாம். "போன்ல எழுதுனா டிராகன் சின்னதாப் போயிருது" என்றாள். ஒரு கதையை நோட்டில் ஏற்றி முடித்ததும் பழைய தாள்களைக் கிழித்து என் குப்பைக் கூடையில் போடுவாள். கடைசிக் கதை மட்டும் முடியவில்லை. நெருப்பே இல்லாமல் பிறந்த ஒரு டிராகன்குட்டி. கொஞ்சம் நெருப்புக் கேட்டு ஒவ்வொரு இடமாகப் போகிறது. சூளையில் கேட்கிறது, கொல்லன் பட்டறையில் கேட்கிறது. யாரும் தரவில்லை. நனைந்துபோய், ஒரு சந்தில், வெள்ளைத் துணி மடிக்கிற ஒரு பொம்பளையின் வீட்டுக்கு வருகிறது. கதவைத் தட்டுகிறது. அதோடு பேனாவை வைத்துவிட்டாள்.

"பொறவு?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன செய்வீக அத்தை?"

"நான் எங்கட்டி திறப்பேன்? கூச்சத்துல உள்ளயே இருந்துக்கிடுவேன்."

"அதான் கதை அங்கயே நிக்கி" என்று என் மடியில் தலையைப் போட்டுச் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் நிறையப் பேருக்கு வந்து போன காய்ச்சல்தான். முதலில் உள்ளூரில் பார்த்தோம், பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். நான் வீட்டில் இருந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் வண்டி திரும்பி வந்தது. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. தெருவில் செருப்புகள் கிடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு செருப்புகள்.

கல்யாணம் ஆகுமுன்னே கண்ணை மூடிவிட்ட பெண்பிள்ளையை எங்கள் பக்கத்தில் வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்குப் புதுத் துணி, வளையல், ரிப்பன், கண்மை எல்லாம் வைத்து, மஞ்சள் துணியில் கட்டி, வீட்டுக்குள் உயரத்தில் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், எங்கள் வீட்டில் தை மாதத்து வெள்ளிக்கிழமை, பெட்டியை இறக்கிப் படையல் போட்டுக் கும்பிடுவோம். மற்ற நாளில் அதை யாரும் தொடக்கூடாது. பாவாடை தாவணிதான் வைக்க வேண்டும் என்று உறவில் பெரியவர்கள் சொன்னார்கள். "எம் பிள்ளை என்னைக்குப் பாவாடை கட்டுனா?" என்று அவள் அம்மா நீல நிறத்தில் ஒரு சுடிதார் எடுத்து வைத்தாள். கடைசியாகத் தம்பி அந்த நோட்டைக் கொண்டுவந்தான். இரண்டு கையாலும் பிடித்துச் சுடிதாருக்கு மேல் வைத்தான். அவள் உயிராக நினைத்த பொருள் அதுதான் என்று அவனுக்குத் தெரியும். மகள் மேல் இருந்த பிரியத்தில் செய்தான். பெட்டி மேலே போய்விட்டது.

சில மாதம் கழித்து அச்சகக்காரர் விசாரிக்க வந்தார். அவருக்கு யாரோ தாமதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த நோட்டு கிடைச்சா போட்டுரலாம்." தம்பி தலைக்கு மேலே தொங்கிய பெட்டியைக் காட்டினான். "அவ பொருளு சார். அவகிட்டயே இருக்கட்டும்." அவர் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சாமிக்குப் போனதை மனிதர் திருப்பிக் கேட்க முடியுமா? நான் அடுப்படிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு சொல் சொல்ல வரவில்லை.

துணி மடிக்கும்போதெல்லாம் பெட்டி என் கண்ணில் படும். தெரியாத பிள்ளை ஒன்று வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளின் கதைகள், தெரிந்தவர்கள்கூடத் தொட முடியாத உயரத்தில் தொங்கின. நான் எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். அணைத் தண்ணீரை மொண்டு வந்த டிராகனை யார் யார் சவுக்கியம் கேட்டார்கள்? முதலில் ஆடு மேய்க்கிறவர், பிறகு தபால்காரர், அதற்குப் பிறகு யார்? ஞாபகம் வராது. ஒவ்வொரு கதையிலும் அப்படி ஏதாவது உதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் ஒரு தடவை போனாள். இது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை.

தலைத் திவசம் முடிந்து முதல் தை வந்தது. பெட்டியை இறக்கினார்கள். நீலச் சுடிதாரை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் புதுசு வைத்தார்கள். எடுத்த துணியை வீணாக்கக்கூடாது. வயசுக்கு வந்த ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்து உடுத்தச் சொல்வது வழக்கம். கன்னியே உடுத்தி நடமாடுகிற மாதிரி என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். நோட்டு மட்டும் அப்படியே திரும்ப உள்ளே போனது. அதன் அட்டையில் சந்தனம் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் எங்கள் சந்து வழியே போனாள். பெட்டிக்குள் கிடந்த துணி காற்றில் பறந்துகொண்டு போவதைக் கண்ணால் பார்த்தேன். கையில் இருந்த மடிப்பை அப்படியே வைத்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு ஒன்று பட்டது. அதைச் சொல்ல எனக்கு இன்னொரு வருஷம் ஆனது.

அடுத்த தை வெள்ளி. உறவுக்காரர்கள் கூடத்தில் இருந்தார்கள். தம்பி துணியை எடுத்துவிட்டு, நோட்டில் சந்தனம் வைக்க விரலை நனைத்தான். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "தம்பி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"பழைய துணியை வருஷா வருஷம் ஒரு பிள்ளைக்குக் குடுக்கோம்ல. உடுத்தட்டும்னு. நோட்டை மட்டும் எதுக்குத் திரும்ப வைக்க? அதையும் குடு. வாசிக்கட்டும்."

தம்பி நிமிரவில்லை. "வெளிய குடுத்தா நாலு பேரு சிரிப்பாங்கக்கா. பல்லிக் கதைன்னு."

"சிரிக்கத்தானே எழுதுனா."

"வாசிச்சு முடிச்சிட்டா..." என்று ஆரம்பித்தவன், சந்தன விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "வாசிச்சு முடிச்சிட்டா, பொறவு அவகிட்ட இருந்து புதுசா ஒண்ணும் வராதுல்லக்கா. உள்ள இருந்தா, இன்னும் இருக்குன்னு இருக்கும்."

அவன் மனைவி எழுந்து வந்தாள். "மதினி சொல்றதுதான் சரி" என்றாள். நோட்டை அவன் கையிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். தம்பி எழுந்து வந்து நோட்டை என்னிடம் கொடுத்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். படையல் சோறு ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு புது நோட்டும் ஒரு பேனாவும் இருந்தன. அதே மாதிரி கெட்டி அட்டை, நீள நோட்டு.

"துணியை எடுத்தா புதுத்துணி வைக்கோம்ல" என்றான். "அந்தக் குட்டி கதவைத் தட்டிக்கிட்டே நிக்கி. மிச்சத்தை எழுதட்டும்."

புது நோட்டைச் சுடிதாருக்கு மேல் வைத்து, பேனாவை மூடி கழற்றி அதன் மேல் வைத்தான்.

அச்சகக்காரர் புத்தகம் போட்டார். கடைசிக் கதைக்கு முடிவு இல்லையே, யாரையாவது எழுதச் சொல்லிச் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். கதவைத் தட்டியது என்பதோடு புத்தகம் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் வெள்ளையாக விட்டிருக்கிறார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், அம்மா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப்பிள்ளை அந்தப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தது. நாய்க் கதை. நான் பின்னால் நின்றுகொண்டேன். அந்தப் பிள்ளை யார் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாத பிள்ளைதானே வேண்டியிருந்தது. என் பஸ் வந்தது, போனது. தபால்காரருக்கு அடுத்து சவுக்கியம் கேட்டது ஒரு கொக்கு என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இனி அது உதிராது. அவளுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மனசு ஆறிவிடும் என்றும் நினைத்தேன்.

இந்த வருஷத் தை வெள்ளிக்கும் பெட்டியை இறக்கினோம். மாற்றுவதற்குப் புதுத் துணியை எடுத்து வைத்தாயிற்று. பெட்டிக்குள் பழைய துணிக்கு மேலே இருக்கிற நோட்டை எடுக்க வேண்டும். மூன்று பேரில் யாரும் கையை நீட்டவில்லை. அதில் எழுத்து இருக்காது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? கடைசியில் தம்பி எடுத்தான். அட்டையைத் திறந்தான். முதல் தாள் வெள்ளை. அதோடு மூடியிருக்கலாம். அடுத்த தாளைப் புரட்டினான். அதற்கு அடுத்ததையும். விரலில் எச்சில் தொட்டுக்கொள்ளாமல், தாளின் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். அவன் மனைவி ஒரு பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அடுப்படி வாசலை விட்டு வந்து இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டன. "செத்தப் பொறு" என்றேன் நான். நகத்தால் அவற்றைப் பிரித்துக் கொடுத்தேன். அதற்குள்ளேயும் பார்த்துவிட்டுத்தான் அவன் மேலே புரட்டினான்.